தொட்டிப் பாசி, ரெண்டு ஊறுகாய் பாட்டில், கொஞ்சூண்டு கரண்ட்

மொட்டை மாடி சிமெண்ட் தொட்டிய கழுவும்போது சொரண்டி எடுப்போமே பச்சையா வழுவழுன்னு பாசி, அத ஊறுகாய் பாட்டில்ல போட்டு ஒயர் மாட்டி கைப்பிடிச் சுவர் மேல வெச்சிருந்தேன். எதிர்வீட்டு அண்ணன் பாத்துட்டு, "இன்னாபா, பாசில கரண்ட்டா? அப்ப நம்ம பக்கிங்காம் கெனால் பூரா பவர்ஹவுஸ்தான்னு சொல்லு"ன்னாரு. தண்டையார்பேட்டைல இப்டித்தான், எத செஞ்சாலும் ஒரு கமெண்ட் வரும்.

அவர் கேட்டதுல ஒரு தப்பு இருக்கு, நிறைய பேர் பண்றதுதான். இந்த செட்டப்ல கரண்ட் குடுக்கறது பாசி இல்ல, பக்கத்து பாட்டில்ல இருக்கற பாக்டீரியா. அந்த பாட்டில்ல கெனால் ஓரத்து கருப்பு சேறும், மெக்கானிக் ஷெட்ல பார்ட்ஸ் கழுவுன எண்ணெய்த் தண்ணியும் ஊத்தி காத்து போகாம மூடி வெச்சிருக்கேன். பாக்டீரியா எண்ணெயத் தின்னும்போது எலக்ட்ரான் மிச்சமாகும், அத எங்கயாவது இறக்கி வெச்சே ஆகணும், நாம மூச்சு விடும்போது ஆக்சிஜன் மேலதான் இறக்குறோம். இங்க ஆக்சிஜன் இல்லையா, அதனால ஜியோபாக்டர் மாதிரி சில வகைங்க தண்ணிக்குள்ள நிக்கிற கார்பன் ராடு மேலயே இறக்கிடும், அது ஒயர் வழியா ஓடி அடுத்த பாட்டிலுக்குப் போகுது. அந்த ஓட்டந்தான் கரண்ட். இங்கிலாந்துல டர்ஹாம் யுனிவர்சிட்டி பாட்டர்னு ஒருத்தர் 1911லயே ஈஸ்ட்டயும் பாக்டீரியாவயும் வெச்சு இத காட்டிட்டாரு.

சரி, பாசிக்கு என்ன வேலை? எலக்ட்ரான் போய் சேர்ற எடத்துல அத வாங்கிக்க ஆக்சிஜன் வேணும். வெயில் பட்டா பாசி ஆக்சிஜன் விடும், அவ்ளோதான். கேக்க சின்ன வேலையா இருக்கும், ஆனா கழிவுநீர் பிளாண்ட்ல செலவாகுற கரண்ட்ல கிட்டத்தட்ட பாதி, புளோயர் போட்டு தண்ணிக்குள்ள காத்து அடிக்கறதுக்கே போயிடுது. அத சூரியன் சும்மா செஞ்சு குடுத்தா அந்த மிச்சம்தான் பெருசு, என்னக் கேட்டா வர்ற கரண்ட விட இதுதான் மேட்டரே. கூடவே பாக்டீரியா தின்னு முடிச்ச தண்ணிய பாசி பாட்டில்ல ஊத்துனா, அதுல இருக்கற நைட்ரஜன், பாஸ்பரஸையும் பாசி தின்னுடும்.

கார்பன் ராடு பழைய பேட்டரிக்கட்டைய ஒடச்சு எடுத்தது (அல்கலைன்ல இருக்காது, சாதா கட்டைலதான்). ரெண்டு பாட்டிலுக்கும் நடுவுல உப்பு போட்டு காய்ச்சுன கடல்பாசி (தொட்டிப் பாசி இல்ல, ஜெல்லி செய்யற அகர் அகர்) நெறச்ச டியூப், ஒயர் வழியா எலக்ட்ரான் போனா, டியூப் வழியா அயனிங்களும் (சார்ஜ் உள்ள துகளுங்க) போகணும்ல. ஒண்ணு சொல்லிடறேன், காப்பர் கிளிப் தண்ணில படக்கூடாது. பட்டுச்சுன்னா காப்பர் அரிக்கறதுனாலயே மீட்டர்ல வோல்ட் ஏறும். மொத நாள் ரீடிங்க பாத்து நான் துள்ளிக் குதிச்சது அந்த பொய் வோல்ட்டுக்குத்தான்.

சரியா மாட்டுனப்பறம் மத்தியானத்துல 0.3 வோல்ட் வந்துச்சு. கணக்குப்படி உச்சமே சுமார் 1.1 வோல்ட்தான். சிவப்பு எல்இடிக்கே 1.8 கிட்ட வேணும், சரி ஆறேழு செட்ட வரிசையா கோத்துடலாம்னு பாத்தா அதுல ஒண்ணு சோம்பேறியாச்சுன்னா அது பிளஸ் மைனஸ் மாறி மத்ததோட வோல்ட்டையும் சேத்து முழுங்கிடும். பவரும் கம்மி, ஒரு சதுர மீட்டர் எலக்ட்ரோடுக்கு (கார்பன் ராடு இருக்கே, அதான்) 100 மில்லிவாட் கெடைக்குதுன்னே வெச்சுக்குங்க, 5 வாட் போன் சார்ஜருக்கு 50 சதுர மீட்டர் வேணும், நம்ம ஏரியா வீட்டு மொட்டை மாடி அவ்ளோ இருந்தாலே அதிகம்.

அப்பறம் எண்ணெய்னா எல்லா எண்ணெயும் இல்ல. 2017 ஜனவரில எண்ணூர் கிட்ட ரெண்டு கப்பல் மோதி பக்கெட் பக்கெட்டா அள்ளுனோமே, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட வந்து முகத்துவாரத்துல படகு, வலைன்னு ஒட்டிக்கிச்சே, அந்த மாதிரி கெட்டி எண்ணெய்க்கு இது ஆவாது. மேல மெதக்கறத மொதல்ல வழிச்சு எடுத்துடணும், இல்லன்னா பாசிக்கு வெளிச்சமே போகாது. சோப்போட கலந்து டீ மாதிரி கலங்கி நிக்குமே, வழிக்கவும் முடியாது படியவும் செய்யாது, அந்த மிச்சம்தான் பாக்டீரியாவுக்கு சாப்பாடு. அதுலயும் சமையல் எண்ணெய்னா சீக்கிரம் முடிச்சிடும், இஞ்சின் ஆயில்னா, அதுவும் காத்தில்லாத எடத்துல, ரொம்ப மெதுவா. ஆயில்ல இருக்கற உலோகம் எங்கயும் மறையாது, கொஞ்சம் பாசிக்குள்ள போய் உக்காந்துக்கும், அதனால அந்தப் பாசிய மீனுக்கோ மாட்டுக்கோ போட்டுடாதீங்க.

ராத்திரி எட்டு மணிக்கு மேல போய் மீட்டர வெச்சா முள்ளு சரிஞ்சு கெடக்குது. வெளிச்சம் போனா பாசி ஆக்சிஜன் விடறத நிறுத்திட்டு, இருக்கறத தானே இழுத்துக்குது, காலைல வெயில் ஏறுனா திரும்ப ஏறுது. ஞாயித்துக்கிழம தொட்டி கழுவணும்னு அம்மா சொன்னாங்க, ஒரு மூலைய மட்டும் விட்டு வைம்மான்னு கேட்டிருக்கேன்.