கிலாவேயாவில் முதலில் காற்றைப் பாருங்கள்

ஹவாய் எரிமலைத் தேசியப் பூங்காவுக்குப் போய்க் கறுத்த பாறையையும் கொஞ்சம் புகையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். எரிமலை ஏமாற்றவில்லை. 2024 டிசம்பர் 23-இல் இங்கிருக்கும் கிலாவேயா எரிமலையின் உச்சிப் பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பு, விட்டுவிட்டு வரும் ரகம். சில மணி நேரம் நெருப்பு ஊற்றாகப் பீய்ச்சும், பிறகு பல நாள் அடங்கிக் கிடக்கும்.

கோலி சோடாவின் கதைதான் இது. அடியில் இருக்கும் பாறைக்குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கந்தக டை ஆக்சைடும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. வாயு குமிழாகப் பிரிந்து, குழம்பையும் இழுத்துக்கொண்டு சீறுகிறது. 300 மீட்டருக்கு மேல் எழும்பிய ஊற்றுகளும் உண்டு. உள்ளே இருந்தது வடிந்ததும் உச்சித் தரை லேசாகத் தாழ்கிறது. கீழிருந்து புதிய குழம்பு நிரம்பும்போது மறுபடி உப்புகிறது.

இந்த உப்பலைச் சாய்வுமானி அளக்கிறது. அதன் அலகு மைக்ரோரேடியன்: ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் எவ்வளவு சாய்வோ, அவ்வளவு. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹவாய் எரிமலை ஆய்வகம் இந்த வரைபடத்தை இணையத்தில் வெளியிடுகிறது. பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும், மெல்ல ஏறிச் சட்டென்று விழும். கோடு முந்தைய ஊற்று கிளம்பிய உயரத்தை நெருங்கினால் அடுத்தது தூரத்தில் இல்லை. பூங்கா நுழைவுச்சீட்டு 7 நாள் செல்லும் என்பதால், தேதியைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் போய் இறங்கியதும் கவனிக்க வேண்டியது காற்றை. வழக்கமாக வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வாயுவைத் தென்மேற்கே கொண்டுபோகிறது. அந்தப் பக்கம் இருக்கும் காவு பாலைவனம் மழை இல்லாமல் வறண்டதல்ல. பெய்கிற மழையே அமிலமாகப் பெய்வதால்தான் அங்கே செடிகள் தலையெடுப்பதில்லை. காற்று ஓய்ந்தாலோ தெற்கிலிருந்து திரும்பினாலோ, அதே வாயு பார்வையாளர் நிற்கும் விளிம்புக்கு வரும். கந்தக டை ஆக்சைடு மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் அப்போது அங்கே நிற்கவே கூடாது. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தொண்டை கரித்தால் காரில் ஏறிக் கண்ணாடியை மூடுங்கள். ஏசியில் வெளிக்காற்றை அடைத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

ஊற்று உயரமாக எழும் நாளில் வானத்திலிருந்து பொன்னிற இழைகள் மிதந்து வரும். எரிமலைத் தெய்வமான பெலேயின் கூந்தல் என்று அதற்குப் பெயர். பெயரில்தான் அழகு, அது முழுக்கக் கண்ணாடி இழை. கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிடலாம். கார் கண்ணாடியில் படிந்தால் வைப்பரைத் தொடாதீர்கள். கீறல் நிரந்தரமாகிவிடும், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வெடிப்பே இல்லாத நாளில் போனாலும் கிலாவேயா இக்கி என்ற பக்கத்து எரிமலைவாயின் நடைபாதை ஒன்றே போதும் என்பேன். 1959-இல் இங்கே ஊற்று சுமார் 580 மீட்டர் எழுந்தது. தேங்கிய குழம்பு ஏரி உள்ளே முழுக்கக் கெட்டிப்பட 1990-களின் நடுப்பகுதி வரை ஆனது. இன்று அதன் மேல் நடக்கலாம். சுற்றுப்பாதை 5.3 கிலோமீட்டர், சுமார் 120 மீட்டர் இறக்கம், இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். பாறைப்பரப்பில் தடம் தெரியாது. ஆங்காங்கே அடுக்கிய கல்குவியல்கள்தான் வழிகாட்டி. விளையாட்டுக்கு நீங்களும் ஒன்று அடுக்கினால் பின்னால் வருபவர் வழி தவறுவார். செருப்பு உதவாது. விழுந்து கையை ஊன்றினால் எரிமலைப் பாறை உள்ளங்கையைக் கிழித்துவிடும், மூடிய ஷூ கட்டாயம்.

நீராவித் துளைகளின் பக்கம் புல்லும் பெரணியும் மட்டும் நிற்பதைக் கவனியுங்கள். சில அடி ஆழத்தில் தரை கொதிப்பதால் மரத்தின் வேர் இறங்க முடிவதில்லை. எரிமலைவாய் விளிம்பில் இதே பெரணிதான் ஆபத்து, தரையில் இருக்கும் பிளவை மூடி மறைத்துவிடும். வேலியைத் தாண்டாதே என்பது இதற்காகத்தான்.

கடலுக்கு இறங்கும் செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலை ஒரு வழிக்கு சுமார் 30 கிலோமீட்டர். வழியில் பெட்ரோல் கிடையாது, குடிநீரை நம்பியும் போகக்கூடாது. குழம்பு கடலில் கலந்த காலத்தில் அங்கே புதுநிலம் உருவானது. குளிர்ந்து நொறுங்கிய சல்லியின் மேல் உட்கார்ந்திருக்கும் திண்ணை அது. 2016 டிசம்பர் 31 அன்று கமோகுனா என்ற கடலோர இடத்தில் அப்படி ஒரு திண்ணை, சுமார் 10 ஹெக்டேர், கடலுக்குள் சரிந்தது.

உச்சி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும், மழையும் சொல்லாமல் வரும். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஆளுக்கு ஒரு டார்ச். செந்தணல் நன்றாகத் தெரிவது இருட்டில்தான். மாலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றுவதைவிட விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடலாம். மெதுவாக ஓட்டுங்கள், நேனே என்ற ஹவாய் வாத்துகள் சாலையைக் கடக்கும்.