நடிகர் நிர்வாகப் பொறுப்பை ஏற்கும்போது

மேடை நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது நம்மில் மிகச் சிலருக்கே முடிகிறது. மற்றவர்கள் விழா ஒருங்கிணைப்பு, கலை அமைப்பின் அலுவலக வேலை என்று ஏதாவது ஒன்றைக் கூடவே பார்க்கிறோம். "நடிப்பு வரலை, ஆபீஸ்ல உட்கார்ந்துட்டான்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கன்னட நாடகாசிரியரும் நடிகருமான கிரீஷ் கர்னாட் 1960களில் சென்னையில் பதிப்பக வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் ப்ளேயர்ஸ் நாடகக் குழுவோடு இயங்கியவர். 1988 முதல் 1993 வரை சங்கீத நாடக அகாடமியின் தலைவராக இருந்தார். அந்தப் பதவிக்காலத்திலேயே 'தலெதண்ட' நாடகத்தையும் எழுதினார்.

மேடையில் நின்றவர் நிர்வாகத்துக்கு வந்தால் குழுக்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆறரை மணி நாடகத்துக்கு மூன்று மணிக்கு அரங்கைத் திறந்துவிடுவது பல இடங்களில் வழக்கம். லைட்டைத் தொங்கவிட்டு, திசை திருப்பி, எந்த இடத்தில் லைட் மாற வேண்டும் என்று ஒவ்வொரு கியூவாகப் பார்ப்பதற்கே அந்த நேரம் போதாது. நடிகர்கள் மேடையில் ஒருமுறை நடந்துகூடப் பார்க்காமல் மேக்கப்புக்கு ஓடுவார்கள். காலையிலேயே அரங்கைக் கொடுக்க வேண்டும் என்று வாடகைக் கடிதத்திலேயே எழுதி வாங்க, அந்த அவதியைப் பட்டவருக்குத்தான் தோன்றும்.

கணக்குதான் நம்மவர்கள் சறுக்கும் இடம். அரசு மானியம் வாங்கினால், பணத்தைக் கொடுத்த காரியத்துக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. வேன் வாடகை, சாப்பாடு, ஒலிபெருக்கி எதுவானாலும் தேதியும் கையெழுத்தும் உள்ள ரசீதை அன்றைக்கே வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும் வேண்டும். விழா முடிந்து ஊர் திரும்பிய பிறகு வேன்காரரைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

இதைவிட முக்கியமானது, விண்ணப்பித்த நாடகங்களில் எதற்கு வாய்ப்பு என்று முடிவுசெய்யும் தேர்வுக் குழுவில் நீங்கள் உட்காரும் நேரம். உங்கள் நாடகக் குழுவோ, நீங்கள் நடிக்கும் நாடகமோ விண்ணப்பித்திருந்தால் அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டு, அந்த விண்ணப்பம் வரும்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். கருத்துச் சொல்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதாது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் மறுத்துப் பேசுவார்கள்? நீங்கள் வெளியேறியது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை வாய்ப்புக் கிடைக்காத குழு கேள்வி கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு வரிதான் இருக்கும்.

உடம்பையும் குரலையும் கவனிக்க வேண்டும். புகழ்பெற்ற ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் 1963 முதல் 1973 வரை பிரிட்டனின் தேசிய நாடக அரங்கை நடத்திக்கொண்டே அதன் மேடையிலும் நடித்தார். அந்த ஆண்டுகளில்தான் கடுமையான மேடைப் பயமும் அவரை வாட்டியது. அவருக்கே அப்படி என்றால், பகல் முழுக்க போனில் பேசிக் கட்டிய தொண்டையோடு ஒத்திகைக்குப் போகிற நமக்கு எப்படி இருக்கும்! வேலையில் சேரும்போதே ஒத்திகை மாலைகளையும் நாடக நாள்களையும் பணி ஆணையில் குறிப்பிடச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது, மேலதிகாரி மாறியதும் போய்விடும்.