மூளையில் குருதிக்குழாய் வெடித்தால்: வன்னி மக்களுக்கு உரித்தான இலவச சிகிச்சை

மூளைக் குருதிக்குழாயின் சுவரில் பலவீனமான ஓரிடம் பலூன்போல் வீங்கியிருந்து வெடிக்கும்போது, நோயாளி பெரும்பாலும் சொல்வது, இப்படியொரு தலையிடி வாழ்நாளில் வந்ததில்லை என்பதுதான். வாந்தி, பிடரி விறைப்பு, மயக்கம் ஆகியனவும் வரலாம். வெயிலால் வந்த தலையிடி என்று பனடோல் கொடுத்துப் படுக்கவைப்பது ஆபத்தானது. ஏனெனில், வெடித்த இடத்திலிருந்து மீண்டும் குருதி பெருகும் அபாயம் முதல் 24 மணித்தியாலங்களிலேயே மிக அதிகம்.

அரச வைத்தியசாலைகளில் இதற்கான சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 2018 முதல் வடக்கிலும் இயங்கும் 1990 சுவசெரிய அம்புலன்ஸும் இலவசமே. அது அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கே கொண்டுசெல்லும். ஒட்டுசுட்டானில் ஏறி நேரே கொழும்புக்குப் போகக் கேட்பதில் பயனில்லை. அந்த அருகிலுள்ள வைத்தியசாலையிலிருந்து நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலைக்கு மாற்றுவதை வைத்தியர்களே ஒழுங்கு செய்வார்கள். குருதி உறையாமல் தடுக்கும் மாத்திரை பாவிப்பவரானால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை இருவகை: மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போடுவது ஒன்று, தொடைக் குருதிக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி வீக்கத்தைக் கம்பிச்சுருளால் அடைப்பது மற்றையது. இரண்டுக்கும் பொருத்தமான 2,143 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் இறந்தோ பிறரில் தங்கியோ இருந்தவர்கள் கம்பிச்சுருள் பிரிவில் 23.7 வீதம், கிளிப் பிரிவில் 30.6 வீதம். ஆயினும் வீக்கத்தின் வடிவமும் இடமும் பார்த்தே வைத்தியர் முடிவு செய்வார். கிளிப் என்றால் மட்டமான வைத்தியம் என்று எண்ண வேண்டியதில்லை. விளைவைப் பெரிதும் தீர்மானிப்பது, வந்து சேரும்போது நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருந்தது என்பதே. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தாலும், குருதிக்குழாய்கள் சுருங்கும் ஆபத்து இரண்டு வாரமளவும் உண்டு. அதனால்தான் நிமோடிபின் மருந்து வழக்கமாக 21 நாட்கள் கொடுக்கப்படுகிறது. 'தெளிந்துவிட்டார்' என்று துண்டு வெட்டிக் கூட்டிவரக் கூடாது.

கையிருப்பில் இல்லாத பொருளை வெளியில் வாங்க நேர்ந்தால், 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கோரலாம். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பின்னர் கைகால் வழங்காமல் போனால், மாற்றுத்திறனாளிக்கான மாதாந்தக் கொடுப்பனவு பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். வீடு திரும்பும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையை இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.