மூச்சைத் தேக்கும் பெட்டி

புளியரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு கச்சேரி. மேடையில் ஒரே ஒருவர், கையில் சாக்ஸபோன், காலடியில் ஒயர்கள் தொங்கும் பெட்டி. மெல்ல ஊதினால் பெட்டி முனகுகிறது, ஓங்கி ஊதினால் அலறுகிறது. கம்ப்யூட்டரே இல்லை என்கிறார்கள். நம்பலாமா?"

தாராளமாக நம்பலாம். அந்தப் பெட்டி அனலாக் சிந்தசைசர்: மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஒலி எழுப்பும் கருவி.

சாக்ஸபோன் நமக்குப் புதிதல்ல. கத்ரி கோபால்நாத் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கிவிட்டார். நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு நாக்குகள், இதில் ஒன்று. அது துடிக்கிறது, குழலுக்குள் காற்று அதிர்கிறது, மைக் அதை மின்னழுத்தமாக்குகிறது. இதெல்லாம் பள்ளிப் பாடம்.

அந்த மின்னழுத்தம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கும். பெட்டிக்கு வேண்டியதோ, "ஆள் எவ்வளவு பலமாக ஊதுகிறார்" என்ற ஒரே சேதி. குண்டாறு அணைக்கரையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அலை அலையாகத் தண்ணீர் வருகிறது. உள்ளே மட்டும் திறக்கும் கதவு ஒன்று, அப்பால் ஒரு குளம், குளத்தில் சின்ன மடை. அலை பெரிதானால் குளம் நிறையும். அலை ஓய்ந்தால் மடைவழியே வடியும். அலையை எண்ணவே வேண்டாம், நீர்மட்டத்தைப் பார்த்தால் போதும். கதவு டையோடு, மடை மின்தடை, குளம் மின்தேக்கி. 'தேக்கி' என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

கல்யாண வீடுகளில் வாசிக்கும் சாக்ஸபோன்காரர் ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து இதைச் செய்து பார்த்தேன். அவர் முகம் சிவக்க ஊதியும் மல்டிமீட்டர் முள் அசையவில்லை. தப்பு என்னுடையது. ஜெர்மேனியம் டையோடு திறக்கவே ஏறத்தாழ 0.3 வோல்ட் வேண்டும். மைக் தருவது மில்லிவோல்ட்தான். நடுவில் பெருக்கியை வைத்ததும் முள் அவர் மூச்சோடு எழுந்து, மூச்சோடு படுத்தது.

பிறகு அவர் மகுடிக்காரரைப் போலக் கன்னத்தை உப்பவைத்து, மூக்கால் காற்றை இழுத்தபடியே விடாமல் ஊதினார். முள் நின்ற இடத்திலேயே நின்றது. கன்னமும் ஒரு தேக்கிதானே! சோதனை முயற்சியாகத் தனியே வாசிப்பவர்கள் பலர் இந்த வித்தையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இந்த மூன்று பாகங்களும் ஒரு பரோட்டா விலைக்குள் அடங்கும். ஆனாலும் எத்தனையோ பள்ளி ஆய்வகங்களில் இவை அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. நிதி வந்தால் முதலில் கல்வெட்டு, பிறகுதான் கருவி.

கிடைத்த மின்னழுத்தத்தை என்ன செய்வது? 1964-இல் தன் சிந்தசைசரை வெளிக்காட்டிய ராபர்ட் மூக் நிலைநாட்டிய கணக்கு இது: ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அரை வோல்ட் என்றால் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமம். இரவல் சிந்தசைசரில் ஒயரைச் செருகினேன். சாக்ஸபோன்காரர் ஊத ஊதச் சுருதி எகிறியது.

மடை ஒரு லட்சம் ஓம், குளம் ஒரு மைக்ரோஃபாரட். பத்தில் ஒரு விநாடியில் மட்டம் இறங்கி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

"வெடுக்கென்று விழுகிறதே, மடையை இன்னும் கொஞ்சம் அடையுங்கள் அண்ணாச்சி" என்றார்.

பத்து லட்சம் ஓம் போட்டேன். அவர் ஒரு நீண்ட காந்தாரம் பிடித்து, குழலை வாயிலிருந்து எடுத்தார். பெட்டியின் சுருதி அவசரப்படாமல் வழுக்கிக்கொண்டு கீழே போனது. அது அடங்கும்வரை அவர் மறுபடி வாய் வைக்கவில்லை.