புளூபெர்ரித் தொட்டியில் முட்டை ஓடு போடாதீர்கள்

மறுபடியும் ஒரு புளூபெர்ரி. சென்னை மாதவரம் பக்கம் மண்ணும் தண்ணீரும் பரிசோதித்துக் கொடுப்பது என் தொழில். இந்தக் கோடை முழுக்க இதே செடி, இதே புகார். போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இலையெல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக, ஓரம் கருகி நின்றது செடி. "எல்லாச் சத்தும் போட்டுட்டேன் சார், அப்பவும் மஞ்சளாவே இருக்கு" என்றார். என்னென்ன சத்து என்று கேட்டேன். மண்புழு உரம், முட்டை ஓட்டுத் தூள், ஆட்டு எரு, அடுப்புச் சாம்பல், கடைசியாக எலுமிச்சைச் சாறு.

தொட்டியைக் கவிழ்த்தோம். நர்சரியில் வைத்துக் கொடுத்த தென்னை நார்க் கட்டி, கைப்பிடி அளவு, வடிவம் மாறாமல் அப்படியே உள்ளே இருந்தது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்திருந்தும், சுற்றி நிரப்பிய செம்மண் எருக் கலவைக்குள் ஒரு வேர்கூட இறங்கவில்லை. கட்டியின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வேர்நுனிகளை விரலால் தேய்த்தால் பழுப்புத் தோல் கழன்று வந்தது.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட செடி. அவர் மீது எனக்குக் கோபமே இல்லை. "மாடியிலேயே கிலோ கணக்கில் பறிக்கலாம்" என்று சொல்லி விற்பவர்கள், வேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லையே, அதுதான் கோபம்.

வேரிலிருந்தே தொடங்குகிறேன். நெல், தக்காளி, கத்தரி, முருங்கை என்று நாம் பழகிய செடிகளின் வேர்நுனியை ஒட்டி வேர்த்தூவிகள் இருக்கும். மண்துகளுக்கு இடையே புகுந்து தண்ணீரையும் சத்தையும் இழுப்பவை அவைதாம். புளூபெர்ரிக்கு வேர்த்தூவியே கிடையாது. பதிலுக்கு, தலைமுடி போன்ற மெல்லிய வேர்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். அவற்றில் மிகச் சன்னமானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாதவை. குச்சி வைத்து வளர்த்த செடிக்கு ஆணிவேரும் இருக்காது. பெரும்பாலான வேர் மேல் ஓர் அடி மண்ணுக்குள்ளேயே படர்ந்துவிடும். இப்படிப்பட்ட வேரால் இறுகிய களிமண்ணைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. வியாசர்பாடிக் களிமண்ணில் இதை நட்டுவிட்டு "வேர் பிடிக்கவில்லை" என்று வருத்தப்படுகிறார்கள். பிடிக்கவே பிடிக்காது.

வேர்த்தூவி இல்லாத செடி எப்படிப் பிழைக்கிறது? ஒரு பூஞ்சையைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. அந்த மென்வேரின் மேல்தோல் செல்களுக்குள் பூஞ்சை சுருள் சுருளாகக் குடியிருந்து, மட்கிய இலைக்குள் கட்டுண்டு கிடக்கும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) உடைத்து எடுத்துக் கொடுக்கிறது. கடையில் பொட்டலமாக விற்கும் "வேம்" வேர் உட்பூசணம் வேறு வகை. நெல்லுக்கும் மிளகாய்க்கும் உதவுவது புளூபெர்ரி வேருக்கு உதவாது. அதையும் வாங்கிக் கொட்டியவர்களைப் பார்த்துவிட்டேன்.

காட்டுப் புளூபெர்ரி வாழும் இடத்தைத் தெரிந்துகொண்டால் இதெல்லாம் புரியும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குப் பகுதியிலும் முழங்காலுக்குக் கீழே நிற்கும் குட்டைச் செடி அது. யாரும் நட்டதில்லை. பனிப்பாறைகள் கரைந்தபோது விட்டுப்போன மணலும் சரளையும், அதன்மேல் மெல்லிய மட்கு, அமிலமான மண், குளிர். செடியின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் கிடைமட்டத் தண்டாக ஓடிக்கொண்டிருக்கும். நமக்குத் தெரிவது அதிலிருந்து கிளம்பும் தளிர்கள்தாம். அங்குள்ள விவசாயிகள் மேல்பகுதியைத் தீயிட்டோ, வெட்டியோ நீக்கிவிடுவார்கள். அடியில் இருக்கும் தண்டிலிருந்து மறுபடி துளிர்த்து அடுத்த ஆண்டு காய்க்கும். களையை அடக்க மண்ணில் கந்தகம் போட்டு இன்னும் அமிலமாக்குவார்கள். மற்ற செடிகள் திணறும் மண்தான் இதற்குச் சொந்த ஊர்.

ஆளுயரம் வளரும் தோட்டப் புளூபெர்ரியின் கதையும் அமில மண்ணில்தான் தொடங்கியது. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் என்பவர், இந்தச் செடிக்கு அமில மண் வேண்டும் என்று சோதனை செய்து 1910-இல் வெளியிட்டார். அதற்குமுன் நல்ல எருவிட்ட வளமான தோட்ட மண்ணில் நட்டு நட்டுத் தோற்றுப்போயிருந்தார்கள். அந்த வெளியீட்டைப் படித்த நியூ ஜெர்சிப் பண்ணைக்காரர் எலிசபெத் வைட் 1911-இல் அவரோடு சேர்ந்தார். காட்டில் பழம் பறிப்பவர்களைக் கொண்டு பெரிய பழம் தரும் புதர்களைத் தேடினார். 1916-இல் முதல் விற்பனை அறுவடை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். நாம் இன்னும் ஆட்டு எருவோடு போராடிக்கொண்டிருக்கிறோம்.

மண் அமிலமா காரமா என்று சொல்லும் எண் பி.ஹெச். புளூபெர்ரிக்கு வேண்டியது 4.5 முதல் 5.5 வரை. தண்டையார்பேட்டைத் தொட்டியில் அளந்தது 8-ஐ ஒட்டி. பி.ஹெச். கணக்கில் ஓர் எண் கூடினால் அமிலம் பத்தில் ஒரு பங்காகிறது. மூன்று எண் தள்ளியிருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நிலையில் மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கரையாது. கரையாததை வேரால் எடுக்க முடியாது. இரும்பைக் கரைத்து எடுக்கும் நொதிச் செயலும் இந்தச் செடியின் வேரில் குறைவு. அதனால்தான் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மஞ்சள் இலையைப் பார்த்ததும் பசி என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுகிறோம். முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. சாம்பல் காரம். மண்புழு உரமும் தொழுவுரமும் பெரும்பாலும் பி.ஹெச். 7-ஐத் தாண்டியவை. ஒவ்வொரு பிடியும் அந்த வேரை இன்னும் பட்டினி போடுகிறது.

இனி எலுமிச்சை. என்னை மிகவும் வருத்துவது இந்த நம்பிக்கைதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "வாரம் ஒரு எலுமிச்சைச் சாறு ஊற்றினால் மண் அமிலமாகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிலோ மண் பிடிக்கும் தொட்டி. மண்ணில் 2 சதவீதம் சுண்ணாம்பு. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கிளிஞ்சல் துண்டு கலந்த கடற்கரை மணலுக்கு இது ஒன்றும் பெரிய அளவில்லை. ஆக, தொட்டிக்குள் 400 கிராம் சுண்ணாம்பு. ஒரு பழத்தில் 30 மில்லி சாறு என்று வையுங்கள். அதில் சிட்ரிக் அமிலம் ஒன்றரை கிராம் அளவுக்கு இருக்கும். அது ஒரு கிராமுக்குச் சற்று மேலான சுண்ணாம்பைத்தான் கரைக்கும். முழுவதையும் கரைக்க ஏறக்குறைய 340 பழம் வேண்டும். சுண்ணாம்பு தீரும்வரை பி.ஹெச். உருப்படியாக இறங்காது. இறங்கியது போலத் தெரிந்தாலும், ஊற்றிய சிட்ரிக் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும். வினிகருக்கும் புளித்த மோருக்கும் இதே கதைதான்.

இதில் தண்ணீரை நான் இன்னும் சேர்க்கவில்லை. போர் தண்ணீரில் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்பது எங்கள் பக்கம் சாதாரணம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லையென்றால் 600 வரை அனுமதி. மனிதன் குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் தினம் 2 லிட்டர் ஊற்றினால் 600 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் தொட்டிக்குள் போகிறது. ஒரு பழம் செய்த வேலையை இரண்டு நாள் தண்ணீர் அழித்துவிடும். மண் கலவையை எவ்வளவு சரியாகச் செய்தாலும் இந்தத் தண்ணீரை ஊற்றும்வரை தோல்விதான்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு விடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதைப் புளூபெர்ரிக்கு ஊற்றுவது கொலை. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

"செம்மண்தானே சார், அமில மண்தானே" என்றும் கேட்கிறார்கள். நிறத்தை வைத்து அமிலம் சொல்ல முடியாது. மூட்டையில் வரும் செம்மண் பல 7-க்கு மேலேயே நிற்கிறது.

அடுத்து, "பெரு நாட்டுப் பாலைவனத்திலேயே விளைகிறதே" என்பவர்களுக்கு. உண்மைதான், இன்று உலகுக்கே ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் அந்தக் கடற்கரை ஓரம் குளிர்ந்த கடல் நீரோட்டம் ஓடுகிறது, வெப்பம் நம் ஊரைப்போல் ஏறுவதில்லை. பிலாக்ஸி போலக் குளிர் அதிகம் கேட்காத ரகங்களை நட்டு, அமிலம் கலந்து சரிசெய்த தண்ணீரைச் சொட்டுநீரில் விடுகிறார்கள். பழைய வடக்கத்திய ரகங்கள் பூக்க 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரக் குளிர் கேட்பவை. இங்கே ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. வேர் நன்றாக வளரும் மண் வெப்பம் 14 முதல் 18 டிகிரி என்று கண்டிருக்கிறார்கள். மே மாத மொட்டை மாடியில் கறுப்பு நர்சரிப் பையைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூட்டில்தான் அந்த மென்வேர் இருக்கிறது.

நம் மாநிலத்திலேயே இதன் உறவுக்காரச் செடிகள் உண்டு. நீலகிரிச் சோலைகளில் புளூபெர்ரியின் பேரினமான வாக்சினியம் செடிகள் தாமாகவே வளர்கின்றன. அங்கே குளிர் இருக்கிறது, மட்கு இருக்கிறது, தேயிலை விளையும் அமில மண் இருக்கிறது. ராயபுரம் மொட்டை மாடியில் மூன்றும் இல்லை.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் முதலில் உரத்தை நிறுத்துங்கள். முட்டை ஓடு, சாம்பல், எரு எதுவும் வேண்டாம். செடியை எடுத்து, சுற்றியிருக்கும் மண்ணை மெதுவாக உதறிவிட்டு, உப்புப் போகப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசிய தென்னை நார்க்கழிவில் மாற்றுங்கள். மண் கலக்காதீர்கள். ஆழத்தைவிட அகலம் கூடுதலான, அடியில் நிறைய ஓட்டையுள்ள, வெளிர் நிறத் தொட்டி நல்லது. மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். பிற்பகல் வெயில் படாத இடமாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கவிட்டால் வேரழுகல் வரும், காயவிட்டால் ஒரே நாளில் மென்வேர் போய்விடும். ஈரம் சீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீருக்கு மழைநீரைப் பிடித்து வையுங்கள். 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் நம்முடையது. ஐப்பசி, கார்த்திகையில் மாடியிலிருந்து கொட்டும் தண்ணீரை ஒரு மூடிய டிரம்மில் பிடித்தால் இரண்டு மூன்று தொட்டிக்கு நெடுநாள் வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இருக்காது, அதையும் விடலாம்.

செடி தெளிந்து புதுத் தளிர் விட்ட பிறகு, அம்மோனியம் சல்பேட் மிகக் கொஞ்சமாக, கரைத்து. இந்த வேருக்கு அம்மோனியம் வடிவத் தழைச்சத்துதான் பிடிக்கும். கால்சியம் நைட்ரேட்டும் பொட்டாஷ் குளோரைடும் வேண்டவே வேண்டாம். இரும்புச் சத்துக்கு என்று கார மண்ணில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பைக் கொட்டினால் அது துருவாகிக் கிடக்கும், காசுக்குக் கேடு.

கந்தகத் தூளால் மண்ணை அமிலமாக்க முடியும், ஆனால் பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும். மேலே சொன்ன 400 கிராம் சுண்ணாம்புக்கே 128 கிராம் கந்தகம் வேண்டும். செடி இருக்கும் தொட்டியில் அவ்வளவையும் கொட்டிவிடாதீர்கள். இன்னொன்று: பேட்டரி ஆசிட் வாங்கித் தண்ணீரில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெரிய பண்ணைகளில் அளவுக்கருவி வைத்துச் செய்யும் வேலை அது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கண் போய்விடும்.

இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். கறுநீலப் பழம்தான் வேண்டுமென்றால் களாக்காய் வையுங்கள். வெயிலையும் உப்புத் தண்ணீரையும் பெருமளவு தாங்கும், பழுத்தால் கருத்து மின்னும், காயில் ஊறுகாயும் போடலாம். முள் உண்டு, நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள்.

யாராவது "இது சென்னைக்கு ஏற்ற புளூபெர்ரி" என்று சொன்னால் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க, உலர்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து அதன்மேல் வெள்ளை வினிகர் கொஞ்சம் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு, அந்த மண் இந்தச் செடிக்கு ஆகாது. நுரைக்காவிட்டாலும் பி.ஹெச். அளந்தே முடிவுசெய்யுங்கள். அளக்கக் கொண்டுவரும்போது மண்ணை மட்டும் கொண்டுவராமல், செடிக்கு ஊற்றும் தண்ணீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் நிரப்பி எடுத்து வாருங்கள்.