எந்த டெஸ்ட்டை முதலில் ஓட்டுவது?

புது மாற்றம் பழையதை உடைத்துவிட்டதா என்று பார்க்கும் ரிக்ரெஷன் டெஸ்ட் முழுவதும் ஓட மூன்று மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். தோற்கப்போகும் டெஸ்ட் கடைசியில் நின்றால், தகவல் வருவதற்குள் டெவலப்பர் வேறு வேலைக்குள் போயிருப்பார். எந்த டெஸ்ட்டையும் கழிக்காமல் வரிசையை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்யப் பல முறைகள் உண்டு. அவற்றை ஒப்பிடும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வழக்கமான அளவுகோல் ஏ.பி.எஃப்.டி., அதாவது பிழைகள் எவ்வளவு சீக்கிரம் சிக்குகின்றன என்பதன் சராசரி அளவு. மென்பொருள் சோதனை ஆய்வாளர் கிரெக் ராதர்மெல் குழுவினரின் ஆய்வுகளால் பரவியது. ஒவ்வொரு பிழையும் எத்தனையாவது டெஸ்ட்டில் முதலில் சிக்கியது என்று கூட்டுங்கள். அதை டெஸ்ட் எண்ணிக்கை, பிழை எண்ணிக்கை இரண்டின் பெருக்கலால் வகுத்து, 1-இலிருந்து கழியுங்கள். பிறகு 1/(2 × டெஸ்ட் எண்ணிக்கை) சேருங்கள். 1-ஐ நெருங்க நெருங்க நல்லது.

ஒரு சின்னக் கணக்கு. 10 வரி நிரலுக்கு 5 டெஸ்ட். டெஸ்ட் அ 1 முதல் 7 வரையுள்ள வரிகளைத் தொடுகிறது, அதாவது ஓடும்போது இயக்குகிறது (இதுதான் கவரேஜ்); ஆ 1-6, இ 4-8, ஈ 8-10, உ 1-2. பிழைகள் நான்கு: ஒன்றை அ பிடிக்கும், ஒன்றை இ பிடிக்கும், இரண்டை ஈ பிடிக்கும்.

மொத்தக் கவரேஜ் முறை அதிக வரி தொடும் டெஸ்ட்டை முன்னே வைக்கும்: அ, ஆ, இ, ஈ, உ. மதிப்பு 0.50. அ தொட்டதையே ஆ மறுபடி தொடுவது இதற்குத் தெரியாது. கூடுதல் கவரேஜ் முறை இதுவரை தொடாத வரிகளை மட்டும் எண்ணும். எல்லா வரியும் தீர்ந்ததும் கணக்கைப் புதிதாகத் தொடங்கும். வரிசை: அ, ஈ, ஆ, இ, உ. மதிப்பு 0.65. பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

இப்போது நேரத்தைச் சேருங்கள். ஈ ஓட 600 விநாடி, மற்றவை தலா 10 விநாடி. மொத்தக் கவரேஜில் இ-யின் பிழை 30-ஆவது விநாடியில் சிக்கியது. 'சிறந்த' கூடுதல் கவரேஜ் முறையில் அதே பிழை 630-ஆவது விநாடிக்குத் தள்ளிப்போகிறது. பதிலுக்கு ஈ-யின் பிழைகள் வெறும் 20 விநாடிதான் முந்துகின்றன. விநாடிக்கு எத்தனை புது வரி என்று பார்த்து அடுக்கினால் அ, இ, ஈ, ஆ, உ. இ-யின் பிழை 20-ஆவது விநாடியிலும் ஈ-யின் பிழைகள் 620-ஆவது விநாடியிலும் சிக்கும். ஏ.பி.எஃப்.டி. இதற்கும் அதே 0.65-தான் தரும்! நேரத்தையும் பிழையின் தீவிரத்தையும் சேர்த்து எடைபோடும் ஏ.பி.எஃப்.டி.சி. 2001-இலேயே வந்துவிட்டது. பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

கவரேஜ் எடுப்பதற்கே செலவுண்டு. நிரல் மாற மாறத் தரவும் பழசாகும். எனவே தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை வரலாற்று முறை: அண்மையில் தோற்றவை முதலில், புதிதாக எழுதியவை அடுத்து. புதியவற்றை இப்படி முன்னே வைக்காவிட்டால், வரலாறே இல்லாத அவை கடைசிக்குப் போய்விடும். பைத்தான் மொழிக்கான சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் இதற்கு 'ஃபெயில்ட் ஃபர்ஸ்ட்', 'நியூ ஃபர்ஸ்ட்' என்ற விருப்பங்கள் இருக்கின்றன. 'லாஸ்ட் ஃபெயில்ட்' வேறு: முன்பு தோற்றவை இருந்தால் அவற்றை மட்டுமே ஓட்டும். இந்த விருப்பங்களில் தோல்விப் பட்டியல் கேஷ் கோப்பில் (முந்தைய ஓட்டத்தின் தகவலைச் சேமித்துவைக்கும் கோப்பு) இருக்கிறது. ஒவ்வொரு பில்டுக்கும் (நிரலைக் கட்டி டெஸ்ட் ஓட்டும் சுற்று) புதுக் கன்டெய்னர் (காலியாகத் தொடங்கும் தனி இயங்குசூழல்) எழுப்பும் அமைப்பில் அந்தக் கோப்பைச் சேமித்து மீட்காவிட்டால் டெஸ்ட்டுகள் பழைய வரிசையிலேயே ஓடும். பில்டும் உடையாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

வரலாற்று முறையின் எதிரி, நிரல் மாறாமலே ஒருநாள் தேறி மறுநாள் தோற்கும் டெஸ்ட். அது எப்போதும் வரிசையின் தலையில் போய் உட்காரும். மாற்றமில்லாத அதே நிரலில் தோற்றதை மறுபடி ஓட்டி, தேறிவிட்டால் அந்தத் தோல்வியை வரலாற்றில் எண்ணாதீர்கள்.

எந்த முறையானாலும் முதலில் டெஸ்ட்டுகளைக் கலைத்துப்போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு டெஸ்ட் தரவுத்தளத்தில் விட்டுச்சென்ற பதிவை நம்பி இன்னொன்று தேறிக்கொண்டிருந்தால், வரிசை மாறியதும் இல்லாத பிழையெல்லாம் கிளம்பும். கலைக்கப் பயன்படுத்திய விதை எண்ணை (அதே வரிசையை மறுபடி உருவாக்கும் எண்) குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தோல்வியை மீண்டும் வரவழைப்பது கடினம்.

ஒப்பிடும்போது ஒரே ஒரு சீரற்ற வரிசையோடு நிறுத்தாமல் குறைந்தது 30 வரிசைகளின் பரவலைப் பாருங்கள். பிழையே இல்லாத பில்டுக்கு ஏ.பி.எஃப்.டி. கணக்கிட முடியாது, விட்டுவிடுங்கள். ஒரே பிழையால் 40 டெஸ்ட் தோற்றால் அதை 40 பிழை என்று எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். எட்டு இயந்திரங்களில் இணையாக ஓட்டுபவர்கள் வரிசை எண்ணை மறந்துவிட்டு, ஒவ்வொரு பிழையும் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது விநாடியில் வெளிப்பட்டது என்பதை மட்டும் பதியுங்கள்.