15 நாள் மாத்திரைய 30 நாளைக்கு ஓட்டுன ஒரு அம்மா

போன மழைக்காலத்துல ஒரு செவ்வாய்க்கிழமை, ஓபிடில கூட்டம் கொஞ்சம் வடிஞ்ச நேரம், அல்சூர்லருந்து வர்ற ஒரு பூக்கார அம்மா மகனோட வந்து என் டேபிளுக்கு முன்னாடி உக்காந்தாங்க. நான் பெங்களூர்ல அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல சைக்யாட்ரிக் சோஷியல் ஒர்க்கர், 14 வருஷமா இதே வேலைதான், தமிழ் பேசுற குடும்பங்கள பெரும்பாலும் என்கிட்டதான் அனுப்புவாங்க. (இதுல வர்றவங்க விவரத்தெல்லாம் அடையாளம் தெரியாதபடி மாத்தித்தான் எழுதுறேன்.)

அந்தம்மா மகனுக்கு 34 வயசு, மனச்சிதைவு. ஆறு வருஷமா நல்லா இருந்தான், சிக்பேட்டைல ஒரு துணிக்கடைல பார்சல் கட்டுற வேலை, சம்பளத்த அப்படியே கொண்டாந்து அம்மா கைல குடுப்பான். அந்த ஆறு வருஷத்துக்கப்புறம் திடீர்னு ராத்திரி தூங்காம உக்காந்துக்குறான், ஃபேன் வழியா பக்கத்து வீட்டுக்காரங்க தன்னப் பத்திப் பேசுறாங்கன்னு சொல்லி ஃபேன ஆஃப் பண்ணிடுறான், கடைல ஒருத்தர் சட்டைய புடிச்சிட்டான். வேலை போச்சு. எப்பவும் கேக்குற மாதிரி, மாத்திரை ஒழுங்கா போடுறானாம்மான்னு கேட்டேன், போடுறான்னு சொன்னாங்க, மிச்சம் இருக்குறத காட்டுங்கன்னேன். பையிலருந்து ஒரு பழைய குங்கும டப்பாவ எடுத்து தொறந்தாங்க.

உள்ள எல்லாமே பாதி பாதி மாத்திரை. பூ நூல் அறுக்குற பிளேடாலயே வெட்டிருக்காங்க, சிலது சரிபாதி, சிலது முக்காலும் காலுமா, டப்பா அடில வெள்ளையா பொடி. அந்தப் பொடியயும் அவங்க கொட்டல, அப்படியே வச்சிருந்தாங்க.

ஏம்மான்னு கேட்டேன். "பதினஞ்சு நாளைக்குத்தானே குடுக்குறாங்க கண்ணு. ஒருவாட்டி வந்தா ஒருநாள் யாவாரம் போச்சு. எனக்கு பஸ்சு ஃப்ரீ, ஆனா இவன பஸ்ல ஏத்த முடியல, ஜனத்தப் பாத்தா பயந்துக்குறான், ஆட்டோலதான் கூட்டியாரணும். மாசத்துக்கு ரெண்டுவாட்டி எங்கருந்து வர்றது? அதான் பாதியாக்கி ஒரு மாசத்துக்கு ஓட்டுனேன். நீ திட்டுவன்னு சொல்லல."

முன்னாடியெல்லாம் அவங்களுக்கு ஒரு மாசத்துக்கு மாத்திரை கெடைக்கும். நடுவுல கொஞ்ச நாளா கவுண்டர்ல ஸ்டாக் கம்மி, எல்லாருக்கும் கெடைக்கட்டும்னு பதினஞ்சு நாளைக்குத்தான் குடுத்தாங்க. குடுக்குறவங்க கெட்ட எண்ணத்துல பண்ணல, இருக்குறத பங்கு போட்டாங்க. ஆனா அந்த ஒரு முடிவால அந்தம்மாவுக்கு ஆட்டோ காசு ரெண்டு மடங்கு, போன வியாபாரம் ரெண்டு மடங்கு, அந்த வித்தியாசத்த அவங்க பிளேடால சரிகட்டிட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் அவன் ஃபைல எடுத்துப் பாத்தேன். முந்தின விசிட்ல நம்ம ஆளுங்கதான், நானே கூட இருக்கலாம், "மருந்து ஒழுங்கா எடுக்கவில்லை"ன்னு எழுதிருக்கோம். 14 வருஷத்துல இந்த வரிய நான் எத்தனை ஃபைல்ல எழுதிருப்பேன்னு அப்பதான் நெனச்சுப் பாத்தேன், அன்னைக்கு ராத்திரி சரியா தூக்கம் வரல. மாத்திரைய ஒழுங்கா குடுக்காம விட்டது கவர்மெண்ட், பழி மட்டும் பேஷண்ட் பேர்லயும் அவன பெத்தவ பேர்லயும் ஃபைல்ல ஏறுது. இத எழுதணும்னு தோணுனதே அதனாலதான்.

நம்ம நாட்டுல மனநலத்துக்கு நிதி வெட்டுன்னு யாரும் மைக் புடிச்சு அறிவிக்கிறதில்ல. அது கவுண்டர்ல "ஸ்டாக் இல்லா"ன்னு வரும், இல்லன்னா கவுன்சிலர் ரூம் பூட்டிருக்கும், காண்ட்ராக்ட் முடிஞ்சுது புது ஆள் போடலன்னு சொல்லுவாங்க, இல்லன்னா ஒரு மாசம் பதினஞ்சு நாளாகும். பேப்பர்ல வராது, குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும், அவங்களுக்கும் இது கவர்மெண்ட் பண்ணுனதுன்னு தெரியாது, நம்ம தலையெழுத்துன்னுதான் நெனைச்சுக்குவாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. 2017ல வந்த மனநல பராமரிப்புச் சட்டத்தோட 18வது பிரிவுப்படி அரசு நடத்துற, அரசு நிதி குடுக்குற மருத்துவமனைல, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்குற மனநல மருந்துகள எப்பவும் இலவசமா குடுக்கணும். எப்பவும்னு சட்டத்துலயே இருக்கு, ஸ்டாக் இருந்தான்னு இல்ல. இதுக்குத் தேவையான பட்ஜெட்ட போதுமான அளவு ஒதுக்கணும்னும் அதே பிரிவுல இருக்கு. சட்டம் அமலுக்கு வந்தது 2018 மே 29. அந்த நிதியாண்டுல தேசிய மனநலத் திட்டத்துக்கு மத்திய பட்ஜெட்ல 50 கோடி, அடுத்த வருஷம் 2019-20ல 40 கோடி. சட்டம் வந்த கையோட காசு கொறஞ்சுது. மாவட்ட அளவுல நடக்குற திட்டத்துக்கு என்ஹெச்எம் (தேசிய சுகாதார இயக்கம்) வழியா வேற கணக்குல பணம் வருது, அதயும் சொல்லிடணும், ஆனா அங்கயும் நெறைய பேர் காண்ட்ராக்ட்லதான் ஓடுறாங்க. 2021-22ல மனநலத்துக்குன்னு மத்திய பட்ஜெட்ல இருந்தது 597 கோடி, அதுல 500 கோடி பெங்களூர்ல இருக்குற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி நிமான்ஸுக்கு மட்டும், தேசியத் திட்டத்துக்கு அதே 40 கோடி.

நிமான்ஸுக்கு குடுக்கவே கூடாதுன்னு சொல்ல வரல, அது நாடு முழுக்க வேணும், ஓசூர் ரோட்டுல காலைல நின்னு பாத்தீங்கன்னா தெரியும், கிருஷ்ணகிரி தர்மபுரி திருப்பத்தூர்லருந்து ராத்திரியே பஸ் ஏறி வந்து, ஃபைல நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிட்டு நிக்கிற சனம் எவ்ளோன்னு. ஆனா அவங்க ஏன் அவ்ளோ தூரம் வரணும்? அவங்க ஊர் பக்கத்து ஆஸ்பத்திரிலயே மாத்திரை கெடைச்சா, நல்லா இருக்குறவங்க எதுக்கு மாசா மாசம் அலையணும்? 2015-16ல நிமான்ஸ் நடத்துன தேசிய மனநலக் கணக்கெடுப்புப்படி நம்ம நாட்டுல வயசு வந்தவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்துல ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கு, நோயப் பொறுத்து 70லருந்து 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே போய்ச் சேரல. பெரிய கட்டடம் ஒரு ஊர்ல இருந்தா இது தீராது. கர்நாடகால தாலுகா ஆஸ்பத்திரிக்கே செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வர்ற மாதிரி மனோசைதன்யான்னு ஒரு திட்டம் இருக்கு, நல்ல யோசனை, ஆனா அங்க டாக்டர் எழுதுற மாத்திரை அந்த தாலுகாவுலயே கெடைக்கணும் இல்லையா.

ஆள் இல்லாம போனா என்ன ஆகும்ங்குறதுக்கு ஒண்ணு சொல்றேன். தர்மபுரி பக்கத்துலருந்து ஒரு அம்மா மகளோட இங்க ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க, எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். கவுண்டர்ல கன்னடத்துல "முந்தின வாரா பன்னி"ன்னு சொல்லிருக்காங்க. கன்னடத்துல முந்தின வாரம்னா அடுத்த வாரம். இவங்களுக்கு தமிழ் காதுல போன வாரம் வந்திருக்கணும்னு சொன்ன மாதிரி கேட்டிருக்கு. தேதி தப்பிப்போச்சு, இனிமே தர மாட்டாங்கன்னு நெனச்சு அழுதுகிட்டே ஊருக்குப் போய்ட்டாங்க. அஞ்சு மாசம் கழிச்சு அந்தப் பொண்ண கைகால கட்டி வேன்ல கூட்டிட்டு வந்தாங்க. அந்த எடத்துல முன்னாடி தமிழ் தெரிஞ்ச ஒரு சோஷியல் ஒர்க்கர் இருந்தாங்க, காண்ட்ராக்ட் முடிஞ்சு போனவங்க எடத்துல யாரையும் போடல. ஒரு சம்பளம் மிச்சம். அந்தப் பொண்ணு வார்டுல படுத்த நாளு, அவங்கப்பா கூலிக்குப் போகாத நாளு, வேன் வாடகைக்கு வாங்குன கடன், இதெல்லாம் எந்தக் கணக்குலயும் வராது.

பென்ஷனும் இதே கததான். மத்திய அரசோட மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாசம் 300 ரூபா, அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்து 80 சதவீத பாதிப்புன்னு சர்டிஃபிகேட் இருந்தாத்தான். மாநிலம் தனியா போட்டுக் குடுக்குது, சரி. மனநோய்ல 80 சதவீதம்னு வாங்குறது எவ்ளோ கஷ்டம்னு இந்த வேலைல இருக்குற எல்லாருக்கும் தெரியும், மாத்திரை போட்டு ஓரளவு குளிச்சு சாப்ட்டு பதில் சொல்ற நிலைமைல வந்து உக்காந்தாலே நம்பர் கொறஞ்சுடும். ஒருத்தர் சர்டிஃபிகேட் அன்னைக்கு மட்டும் மாத்திரை போடாம கூட்டிட்டு வரட்டுமா மேடம்னு என்கிட்டயே கேட்டாரு. வேணவே வேணாங்கண்ணா, அப்படி மட்டும் செஞ்சிடாதீங்கன்னு கைய புடிச்சு சொன்னேன். ஆனா ஒரு அப்பா அப்படிக் கேக்குற எடத்துல கொண்டாந்து நிறுத்தினது யாரு?

வெளிநாட்டுல எல்லாம் சரியா இருக்குன்னும் நெனச்சுடாதீங்க. இங்கிலாந்துல 2010க்கு அப்புறம் செலவக் கொறைக்கிறோம்னு, உடம்பு முடியாம உதவித்தொகை வாங்கிட்டு இருந்த பத்து லட்சம் பேருக்கு மேல திரும்ப வரச்சொல்லி உன்னால வேலை செய்ய முடியுமான்னு பரிசோதிச்சாங்க. 2010லருந்து 2013 வரைக்கும் அது நடந்த பகுதிகள ஆராய்ச்சி பண்ணி 2015ல ஒரு அறிக்கை வந்துச்சு, அந்தப் பரிசோதனையோட சேந்து கூடுதலா சுமார் 590 தற்கொலைகள் நடந்திருக்குன்னு கணக்கு காட்டுனாங்க. அங்க கணக்கெடுக்கவாவது ஆள் இருக்கு. இங்க பாதி மாத்திரையால எத்தனை பேர் போனாங்கன்னு எவர் எண்ணுவாரு?

அரசு கைய விட்டா குடும்பம் எங்க போகும்னு தமிழ்நாட்டுக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேணாம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடில ஒரு தனியார் மனநலக் காப்பகம், சங்கிலில கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில கருகிப் போனாங்க. இன்னைக்கு சங்கிலி போடுறது சட்டப்படி குத்தம். ஆனா இன்னும் சில வீட்டுல கால்ல தழும்போட வர்றாங்க, நான் பாக்குறேன், கட்டுனவங்க அரக்கங்க இல்ல, பகல்ல வேலைக்குப் போகணும், பாத்துக்க ஆளில்ல, பகல்நேர மையம்னு ஒண்ணு பக்கத்துல இருந்தா கட்டவே மாட்டாங்க.

சரி, வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா நீங்க என்ன பண்ணலாம்னு கொஞ்சம் சொல்றேன். மாத்திரை கொறைச்சலா குடுத்தா தயவுசெஞ்சு நீங்களா பாதியாக்காதீங்க, டாக்டர்கிட்டயோ எங்கள மாதிரி ஆளுங்ககிட்டயோ வெக்கப்படாம சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க, திட்டுனா அது அவங்க தப்பு. மனநிலை ரொம்ப ஏறி எறங்குறதுக்குக் குடுக்குற லித்தியம் சாப்பிடுறவங்க சட்டுனு நிறுத்துனா நோய் வேகமா திரும்பும். மனச்சிதைவுக்குக் குடுக்குற க்ளோசபின் சாப்பிடுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ரெண்டு நாளுக்கு மேல விட்டுட்டா பழைய டோஸ அப்படியே திரும்பப் போடக்கூடாது, ரத்த அழுத்தம் எறங்கி மயக்கம் வரலாம், வலிப்பு வரலாம், டாக்டர்கிட்ட போய் 12.5 மில்லிகிராம்லருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். கைல எப்பவும் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்குற மாதிரி முன்னாடியே கெளம்புங்க. ஸ்டாக் இல்லன்னா எந்த மாத்திரை, எந்தத் தேதி இல்லன்னு சீட்டுலயே எழுதித் தரச்சொல்லுங்க, சண்டை போட வேணாம், எழுதிக் கேட்டாலே பாதி எடத்துல உள்ள போய்த் தேடுவாங்க. அவசரத்துக்கு ஜன் ஔஷதி கடைல பல மனநல மருந்துங்க கொறைஞ்ச வெலைக்கு இருக்கு, பிரிஸ்கிரிப்ஷன எடுத்துட்டுப் போங்க. அரசோட மனநல உதவி ஃபோன் சேவை டெலி மானஸ், நம்பர் 14416, ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடலாம், தமிழ்லயும் கன்னடத்துலயும் பேசுவாங்க, காசு கெடையாது. 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்ச திட்டம் அது. அதுக்கும் 2023-24 பட்ஜெட்ல சுமார் 134 கோடி போட்டவங்க அடுத்த வருஷம் 90 கோடிதான் போட்டாங்க.

அந்தம்மா மகனுக்கு டோஸ் திரும்ப சரிபண்ணி, டாக்டர்கிட்ட பேசி அவங்களுக்கு மட்டும் ஒரு மாசத்துக்கு எழுதி வாங்குனேன். மூணு மாசத்துல தூக்கம் வந்துச்சு, ஃபேன் போட்டுக்கிறான். சிக்பேட்டை கடைக்காரர் திரும்ப சேத்துக்கல, இப்ப அம்மாவோட உக்காந்து பூ அளந்து குடுக்குறான். அந்தப் பழைய ஃபைல்ல இருந்த வரிக்குக் கீழ, "மருந்து 15 நாளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது, குடும்பத்தால் மாதம் இருமுறை வர இயலவில்லை"ன்னு தேதி போட்டு எழுதி கையெழுத்து போட்டேன். இப்ப எல்லா ஃபைல்லயும் அப்படித்தான் எழுதுறேன், கூட வேலை செய்றவங்க ரெண்டு பேரும் எழுத ஆரம்பிச்சிருக்காங்க.